அந்தக் காது நான் வரைந்தது

ஆனைக்குட்டத்திலும் சுற்றுப்பட்டி ஊர்களிலும் கையில் கேமரா போனோடு இருக்கும் பிள்ளைகளுக்கு,

பஜாரில் ஸ்டுடியோ வைத்திருந்த அண்ணாச்சி எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேருக்குப் பள்ளிக்கூடத்துப் பாஸ்போர்ட் சைஸ் படம் எடுத்தவன் நான். நாடியைத் தூக்கு, கண்ணைச் சிமிட்டாதே என்று உங்களை அதட்டியிருக்கிறேன். ஸ்டுடியோவை மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது. மூடவைத்தது நீங்களும் உங்கள் போனும்தான். அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஊரில் எல்லார் கையிலும் கேமரா வந்தபிறகு கேமராக்காரனுக்கு என்ன வேலை? பிழைப்புப் போனதைச் சொல்லி அழ இதை எழுதவில்லை. வேறொரு பாரம் இருக்கிறது. அதை உங்களிடம்தான் இறக்கிவைக்க முடியும்.

கடையை மூடுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு ஒரு சாயங்காலம், பத்தாம் வகுப்புப் படிக்கிற ஒரு பிள்ளையும் அவள் தாய்மாமாவும் வந்தார்கள். "அண்ணாச்சி, ஒரு போட்டோ பெருசாக்கணும். பதினாறாம் நாளுக்குள்ள வேணும்" என்றார் மாமா. அந்தப் பிள்ளையின் அம்மா பட்டாசு ஆலையில் வேலை பார்த்தவர். அதற்குமேல் நான் எதுவும் கேட்கவில்லை. நம் ஊரில் அதற்குமேல் யாரும் கேட்பதில்லை.

கொண்டுவந்தது ஒரு கல்யாண குரூப் போட்டோ. மூன்றாவது வரிசையில் அந்த அம்மா நின்றார். முன்னால் நின்றவர் தலைநிறைய வைத்திருந்த மல்லிகைப்பூ, அவர் முகத்தில் ஒரு பக்கத்தை மறைத்துவிட்டது. வேறு படம் இல்லையா என்றேன். ஆதார் அட்டையைக் காட்டினார்கள். அதில் அவர் பயந்துபோன நிழல் மாதிரி இருந்தார். உன் போனில் பாரம்மா என்றேன். மூவாயிரத்துக்கும் மேல் படம் வைத்திருந்தாள். தோழிகள், கோலம், பூனை, தட்டில் பரோட்டா, அணையில் தண்ணீர். அம்மா நான்கே படத்தில் இருந்தார். ஒன்றில் குடத்தோடு தோள்வரைதான் தெரிந்தது. ஒன்று அசைந்துபோயிருந்தது. மற்ற இரண்டிலும் மகளின் செல்ஃபிக்குப் பின்னால், அடுப்படியில் முதுகைக் காட்டி நின்றார்.

அன்று ராத்திரி முழுக்க உட்கார்ந்து, தெரிகிற காதைப் பிரதியெடுத்துத் திருப்பி, மறைந்திருந்த பக்கத்தில் ஒட்டினேன். கன்னத்தைக் கொஞ்சம் வரைந்தேன். தோடும் போட்டுவிட்டேன். மறுநாள் அந்தப் பிள்ளை படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு சொன்னாள்: "அண்ணாச்சி, எங்கம்மாவுக்கு இந்தக் காது அறுந்து தையல் போட்டிருக்கும்." எப்படியிருக்கும் காட்டு, சரிபண்ணிவிடுவோம் என்றேன். போனை எடுத்து மேலும் கீழும் தள்ளிக்கொண்டே இருந்தாள். கடைசியில் தலையை ஆட்டிவிட்டுப் போனை மடியில் வைத்துக்கொண்டாள்.

அந்தப் படம் இன்றும் அந்த வீட்டுச் சுவரில் மாலையோடு தொங்குகிறது. அந்தக் காது நான் வரைந்தது.

பிள்ளைகளே, இப்படி ஒருவர் இருவருக்கு இல்லை, நிறையப் பேருக்குச் செய்து கொடுத்திருக்கிறேன். ரேஷன் கார்டிலிருந்தும், வாக்காளர் அட்டையிலிருந்தும், ஆலை அடையாள அட்டையிலிருந்தும் முகங்களைப் பிய்த்து எடுத்திருக்கிறேன். நீங்கள் தெருமுனையில் பார்க்கும் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ்களை ஒருநாள் நின்று பாருங்கள். முகம் கட்டம் கட்டமாக உடைந்திருக்கும். கழுத்துக்குக் கீழே யாருடைய சட்டையோ இருக்கும். ஒரு மனிதரை ஊரே நின்று பார்க்கும் கடைசிப் படம் அது.

இது எந்த ஊரில் நடக்கிறது? நாடு முழுவதும் சுவரில் மாட்டும் நாள்காட்டியை அச்சடித்து அனுப்புகிற சிவகாசிக்குப் பக்கத்தில். உங்கள் அண்ணன்களும் மாமாக்களும் ஆப்செட் மிஷினில் நிற்கிறார்கள். சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று நான்கு மையும் ஒரு மயிரிழை விலகாமல் ஒன்றின்மேல் ஒன்றாக விழவேண்டும் என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிற கைகள் அவை. எந்த ஊரிலோ எடுத்த குழந்தையின் கன்னம் சிவப்பாக வர அவ்வளவு பாடுபடுகிறோம். நம் வீட்டு முகம் மட்டும் ஒழுங்காக ஒரு தாளில் விழவில்லை.

இன்னொரு வருத்தமும் உண்டு, கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். எங்காவது சத்தம் கேட்டுப் புகை எழுந்தால் பைக்கை எடுத்துக்கொண்டு பறக்கிறீர்கள். ஆம்புலன்ஸுக்கு முன்னால் உங்கள் வீடியோ வந்துவிடுகிறது. 2012 செப்டம்பர் 5 உங்களில் பலருக்கு நினைவிருக்காது. அன்று முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலை வெடித்து 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முதல் சத்தம் கேட்டு, காப்பாற்றலாம் என்றும் என்னவென்று பார்க்கலாம் என்றும் ஓடிப்போன அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் பலர் அடுத்த வெடிப்பில் சிக்கிக்கொண்டார்கள். பட்டாசுத் தீ ஒரே தடவையில் முடிகிற தீ இல்லை. ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குத் தாவும். போனை நீட்டிக்கொண்டு அதன் பக்கத்தில் நிற்காதீர்கள். இதை உங்கள் தாய் தகப்பன் சொல்கிறதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

உயிருக்கு ஆபத்து என்பதோடு இது நிற்கவில்லை. 1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்தபோது, மண்ணுக்குள் புதைக்கப்படும் ஒரு குழந்தையின் முகத்தை ரகு ராய் எடுத்தார், பாப்லோ பார்த்தலோமியோவும் எடுத்தார். உலகமே அந்த முகத்தைப் பார்த்தது. அந்தப் படம் தேவைதான். நடந்த அநியாயத்துக்கு அது சாட்சி. ஆனால் அந்தக் குழந்தை யாருடைய பிள்ளை என்று யாருக்கும் தெரியாது. உயிரோடு இருந்தபோது எப்படிச் சிரித்தது என்றும் தெரியாது. நம் பட்டாசு ஊர்களையும் வெளியூர்க்காரர்கள் அப்படித்தான் அறிந்திருக்கிறார்கள்: கரிந்த சுவர், பறந்துபோன கூரைத்தகடு, ஆஸ்பத்திரி வாசலில் தலையில் அடித்துக்கொள்ளும் பெண். அதே படத்தைத்தான் நீங்களும் எடுக்கிறீர்கள். இருநூறு மைல் தாண்டி வருகிற சேனல்காரருக்கு அதைத்தவிர வேறு கிடைக்காது. உங்களுக்குமா கிடைக்காது?

வெளியிலிருந்து வந்த கேமராக்களை நான் குறைசொல்லவில்லை. சலம் பென்னூர்கர் 1990-இல் நம் சிவகாசியைப் பற்றி எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' ஆவணப்படம், தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் விடிகாலையில் பஸ் ஏறிப்போன பிள்ளைகளை உலகத்துக்குக் காட்டியது. அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகள்தான் நீங்கள். அதற்கும் முன்னால், 1858-இல், லின்னேயஸ் டிரைப் என்ற வெள்ளைக்காரர் மதுரையை எடுத்த படங்கள் இருக்கின்றன. கோபுரம், மண்டபம், தெப்பக்குளம் எல்லாம் கல் கல்லாகத் தெரியும். ஆள்தான் அநேகமாக இல்லை. அந்தக் காலத்துக் கேமராவுக்கு நிறைய நேரம் வெளிச்சம் வேண்டும். அசைகிறவர்கள் படத்தில் நிற்கமாட்டார்கள். கல் நின்றது, மனிதர் கரைந்துபோனார். உங்கள் போனுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. இருந்தும் நம் மனிதர்கள் கரைந்துகொண்டே இருக்கிறார்கள்.

போனில் கேமரா எதற்கு வந்தது தெரியுமா? 1997 ஜூன் 11 அன்று அமெரிக்காவில் சாண்டா குரூஸ் என்ற ஊரில், பிலிப் கான் என்பவர் மனைவியின் பிரசவத்துக்காக ஆஸ்பத்திரியில் காத்திருந்தார். கையிலிருந்த டிஜிட்டல் கேமராவையும் செல்போனையும் லேப்டாப்பையும் வயரால் முடிந்து, பிறந்த மகளின் படத்தை உற்றார் உறவினருக்கெல்லாம் அந்த இடத்திலிருந்தே அனுப்பினார். வீட்டு முகம் ஒன்றை வேண்டியவர்களுக்குக் காட்டத்தான் அந்த மனுஷன் அவ்வளவு மெனக்கெட்டார்.

நமக்குப் பக்கத்திலேயே ஒருவரைச் சொல்கிறேன். மதுரை ஜவஹர்லால்புரத்தில் பிறந்த பழனி குமார். அவர் அம்மா மீன் விற்றுப் பிள்ளைகளை வளர்த்தவர். 2013-இல் அந்த அம்மா கடன் வாங்கி மகனுக்குக் கேமரா வாங்கித் தந்தார். மலக்குழியில் இறங்கும் தொழிலாளிகளைப் பற்றிய 'கக்கூஸ்' படத்துக்கு அவர்தான் கேமரா பிடித்தார். பிறகு உழைக்கிற மக்களை, உப்பளத்திலும் கடலிலும் வேலை செய்கிற பெண்களை எடுத்தார். மீன் விற்கிற தன் அம்மாவையும் எடுத்தார். வடசென்னைப் பிள்ளைகள் கையில் கேமராவைக் கொடுத்து, உங்கள் தெருவை நீங்களே எடுங்கள் என்று கற்றுக்கொடுத்தார். அவருக்காக ஒரு தாய் கடன்பட வேண்டியிருந்தது. உங்கள் அம்மா ஏற்கெனவே தவணை கட்டிக்கொண்டிருக்கிறார், உங்கள் போனுக்கு. இன்னொரு கேமராவுக்கு அவரை இழுக்காதீர்கள். பீரோவில் பழைய டிஜிட்டல் கேமரா கிடந்தால் எடுத்துச் சார்ஜ் போட்டுப் பாருங்கள், அதுவும் போதும்.

சரி, எப்படி எடுப்பது? முப்பது வருஷம் நான் கற்றதில் உங்களுக்கு வேண்டியது கொஞ்சம்தான்.

முதலில் லென்ஸைத் துடையுங்கள். விரல் எண்ணெயும் பவுடரும் அதில் படிந்திருக்கும். பிறகு படம் புகைமூட்டமாக வருகிறது என்று போனைத் திட்டுவீர்கள். பழைய வேட்டித் துணி போதும்.

அடுத்தது வெளிச்சம். நம் கரிசக்காட்டு உச்சி வெயிலில் யாரையும் நிற்கவைக்காதீர்கள், கண்ணிரண்டும் குழியாகிவிடும். உங்கள் வீட்டு நிலைவாசல்தான் ஸ்டுடியோ. கிழக்குப் பார்த்த வீடென்றால் சாயங்காலம், மேற்குப் பார்த்த வீடென்றால் காலை, அதாவது வாசலில் நேர்வெயில் விழாத நேரம். அம்மாவை நிலைப்படிக்கு உள்ளே ஒரு கை தூரத்தில், தெருவைப் பார்த்து உட்காரவையுங்கள். நீங்கள் வெளியே, வெளிச்சத்தை மறைக்காமல் சற்று ஒதுங்கி நில்லுங்கள். டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள், இரண்டு வெளிச்சம் கலந்தால் ஒரு கன்னம் ஒரு நிறம், மறு கன்னம் வேறு நிறம். முகத்தை லேசாக ஒரு பக்கம் திருப்பச் சொல்லுங்கள். வானத்து வெளிச்சம் ஒரு கன்னத்தில் விழுந்து, மறு கன்னத்தில் மெல்ல மங்கும். அந்த மங்கலில்தான் முகத்துக்கு மேடு பள்ளம் வருகிறது. இதைச் செய்யத்தான் நான் ஆயிரக்கணக்கில் செலவழித்து விளக்கும் குடையும் வாங்கி வைத்திருந்தேன்.

மூன்றாவது தூரம். செல்ஃபி எடுக்கிற மாதிரி முகத்தருகே போனை நீட்டாதீர்கள். அவ்வளவு நெருங்கினால் மூக்கு பெருத்து, காது பின்னால் ஒளிந்துகொள்ளும். ஐந்தாறு அடி தள்ளி நில்லுங்கள். போனில் இரண்டு மடங்கு லென்ஸ் இருந்தால் அதைப் போடுங்கள். முழங்கை இரண்டையும் விலாவோடு ஒட்டிக்கொண்டால் கை ஆடாது.

நான்காவது, போன் சொல்கிற நிறத்தை நம்பாதீர்கள். கேமரா எதைப் பார்த்தாலும் மொத்தத்தையும் நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். பின்னால் வெள்ளைச் சுவர் இருந்தால் முகத்தைக் கறுப்பாக்கும். இருட்டு அறை இருந்தால் முகத்தை வெளிறவைக்கும். திரையில் முகத்தைத் தொட்டு அழுத்திப்பிடியுங்கள். பல போன்களில் ஒரு சின்னச் சூரியக்குறி வரும். அதை மேலோ கீழோ நகர்த்தி, அம்மாவின் நிறம் அம்மாவின் நிறமாக வருகிற இடத்தில் நிறுத்துங்கள். கறுப்பு கறுப்பாக இருக்கட்டும்.

ஐந்தாவது, அந்த அழகுபடுத்தும் ஃபில்டரை அணைத்துவிடுங்கள். அது அம்மைத் தழும்பை அழிக்கும், தீக்காயத்தை மெழுகும், அறுந்து தைத்த காதை வழவழவென்று ஆக்கும். நாளைக்கு நீங்கள் தேடப்போவது அந்தத் தழும்பைத்தான்.

கடைசியாக ஒன்று. "சிரிம்மா" என்று சொல்லாதீர்கள். ஸ்டுடியோவில் அப்படிச் சொல்லி நான் ஆயிரம் முகங்களைக் கெடுத்திருக்கிறேன். "இன்னைக்கு வேலைல என்ன நடந்துச்சும்மா?" என்று கேளுங்கள். வேனில் இடம்பிடித்த சண்டையைச் சொல்வார், ஃபோர்மேனைத் திட்டுவார். சொல்லி முடித்து ஒரு நிமிஷம் சும்மா இருப்பார் பாருங்கள், அப்போது அழுத்துங்கள்.

முகம் எடுத்தபிறகு கையையும் எடுங்கள். ஆலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. கொண்டுபோகவும் வேண்டாம், அது உயிர் காரியம். வேலையை எடுக்க முடியாது, ஆனால் வேலை கையோடு வீட்டுக்கு வருகிறது. சாயங்காலம் வேன் விட்டிறங்கி, ஒயர் கூடையைத் திண்ணையில் வைக்கும்போது கவனித்திருக்கிறீர்களா? அலுமினியத் தூள் படிந்து விரலெல்லாம் வெள்ளிச்சிலை மாதிரி மின்னும். நகக்கண்ணில் மட்டும் சாம்பல் நிறம், எத்தனை தேய்த்தாலும் போகாது. குளிக்கப் போகும் முன்னால், சாய்ந்த வெளிச்சத்தில், இரண்டு கையையும் மடியில் வைக்கச் சொல்லி ஒரு படம். கேட்டு எடுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அவரைக் கேட்காமல் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். அவர் முகம் அவருக்குச் சொந்தம்.

எடுத்தால் மட்டும் போதாது. போன் தண்ணீரில் விழும், தொலையும், தவணை முடியுமுன்னே உடையும். பிரிண்ட் போடுங்கள். நாலுக்கு ஆறு அங்குலம் போட, அங்குலத்துக்கு 300 புள்ளி கணக்கில் 1800-க்கு 1200 புள்ளி இருந்தால் போதும். எந்தச் சாதாரண போன் எடுக்கிற படத்திலும் அதைவிடப் பல மடங்கு இருக்கிறது. கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதீர்கள், சுருக்கிவிடும், டாக்குமென்டாக அனுப்புங்கள். கழுவி வந்த படத்தின் பின்புறம் பென்சிலால் பெயர், ஊர், தேதி, செய்கிற வேலை எழுதுங்கள். பேனா வேண்டாம், மை படத்தைக் கெடுக்கலாம். ஒரு டீ வடைக்காசில் முடிகிற வேலை இது.

இனி என் வேண்டுகோள்.

ஆடிப்பெருக்கு அன்று சிவகாசியில் புது வருஷ நாள்காட்டி ஆல்பங்களுக்குப் பூஜை போட்டு வெளியிடுவது உங்களுக்குத் தெரியும். சாமி, குழந்தை, அருவி, ரோஜாப்பூ என்று புரட்டப் புரட்ட வரும். வருகிற ஆடி பதினெட்டுக்குள், நீங்கள் ஒவ்வொருவரும் உங்கள் வீட்டில் உழைக்கிற ஒருவரை நிலைவாசலில் உட்காரவைத்து ஒரே ஒரு படம் எடுத்து, பிரிண்ட் போட்டு, பின்னால் பெயர் எழுதி வையுங்கள். அம்மாவோ, அப்பாவோ, ஆப்செட்டில் நிற்கும் மாமாவோ, ஆடு மேய்க்கும் தாத்தாவோ, யாராக இருந்தாலும் சரி. பெயர் எழுதாத படத்தை நான் படமாகவே எண்ணமாட்டேன்.

எடுக்கத் தெரியாது என்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு நம் அணைக்கரைக்கு வாருங்கள். நான் அங்கே இருப்பேன். அர்ச்சுனா நதியில் தண்ணீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வெளிச்சம் இருக்கும். காசு வேண்டாம். லென்ஸ் துடைக்கத் துணி கொண்டுவாருங்கள், போதும்.

படங்கள் சேர்ந்தபிறகு, சம்மதிக்கிறவர்களில் பன்னிரண்டு பேரைச் சீட்டுக் குலுக்கி எடுப்போம். மாதத்துக்கு ஒரு முகம், கீழே பெயரும் வேலையும். ஆனைக்குட்டத்துக்கென்று ஒரு நாள்காட்டி. அச்சடிக்க இந்த ஊரில் ஆள் இல்லையென்று யாராவது சொல்லட்டும் பார்ப்போம்.

நான் சொன்ன அந்தப் பிள்ளை இப்போது வேலைக்குப் போகிறாள். போன மாதம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். தம்பியின் படத்தைப் போனில் காட்டினாள். நேராக ஒன்று, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. முகத்தைத் திருப்பித் திருப்பி எடுத்திருந்தாள். "ரெண்டு காதும் தெரியுதா அண்ணாச்சி?" என்று கேட்டாள். தெரியுது தாயி என்றேன்.

உங்களிடமும் அதைத்தான் கேட்கிறேன்.

அன்புடன்,
ஸ்டுடியோ அண்ணாச்சி,
ஆனைக்குட்டம்.